கட்டுநாயக்கவில் ரெண்டே முக்கால் மணித்தியாலம்

விமான டிக்கெட் விற்கிறவளுக்கு உலகத்தில் எந்த ஊருக்கும் எத்தனை மணித்தியாலம் என்று தெரியும். தன் மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தனை மணி என்று மட்டும் தெரியாது.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட, ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில், பதினோரு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். பெயர் கோமதி. வருகிறவர்களுக்கு நான் 'மிஸ்'. எங்கள் முதலாளியை ஊரே 'நானா' என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். வங்கியோ, தபால் கந்தோரோ, மருந்துக்கடையோ, கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சனங்களோடு மல்லுக்கட்டுகிற எல்லோருக்கும் என் கஷ்டம் புரியும். ஒரே கேள்வியை நாற்பது பேர் கேட்பார்கள். எரிந்து விழலாம் என்று வாயைத் திறக்கும்போது நாற்பத்தோராவது ஆள் அதே கேள்வியை வேறு மாதிரிக் கேட்பார். திறந்த வாய் அப்படியே நின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குள்ளேயே இருக்கட்டும். இத்தனை பேரை அனுப்பியவள் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. போன மழைக்காலம் வரைக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

எத்தனை கட்டை?

மூன்று வருஷத்துக்கு முந்தி ஒரு குடும்பம் மாடிப்படி ஏறி வந்தது. சிவலிங்கம், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். மனைவி ராஜேஸ்வரி, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர், வீட்டு வேலைக்குக் குவைத் போகப் போகிறார். நடுவில் ஏழு வயது மகள் தர்ஷினி, அம்மாவின் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு. எல்லோரும் முதலில் 'எவ்வளவு காசு' என்றுதான் கேட்பார்கள். சிவலிங்கம் கேட்டது, "குவைத்துக்கு எத்தனை கட்டைங்க மிஸ்?"

கட்டை என்றால் எங்கள் பக்கத்தில் மைல். ரோட்டோரம் நடுகிற மைல்கல்லைப் பார்த்து வந்த பேச்சு. கிலோமீட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் தோட்டத்தில் தூரம் இன்னும் கட்டையில்தான். கொம்பியூட்டரில் தட்டிப் பார்த்து, "ரெண்டாயிரத்து அறுநூறு கட்டைக்குக் கிட்ட வரும்" என்றேன். சிவலிங்கம் மனதுக்குள் கணக்குப் போட்டார். மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்குப் பதின்மூன்று கட்டை. "நூறு தடவ வந்துட்டுப் போற தூரமுங்க" என்று பெண்சாதியிடம் சொன்னார். பதினோரு வருஷத்தில் அந்தத் தூரத்தை எனக்கு யாரும் அப்படி அளந்து காட்டியதில்லை. நூறு நாள், நூறு தடவை, அதே வளைவுகள், அதே தலைசுற்றல். நினைக்கவே எனக்கு மலைப்பாக இருந்தது.

ராஜேஸ்வரி மெதுவாகக் கேட்டார்: "அவ்வளவு தூரமும் எங்கயும் எறங்கி மாறாம, ஒரே சீட்டுல குந்திக்கிட்டேவா போறது?"

ஏத்தமும் இறக்கமும்

டிக்கெட்டில் அச்சடிக்கிற நேரம் அந்தந்த ஊர் நேரம். இது தெரியாமல் வருகிற சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகமாகும். ராஜேஸ்வரியின் டிக்கெட்டில் கொழும்பில் புறப்படுவது மாலை ஆறரை, குவைத்தில் இறங்குவது ஒன்பதரை. சிவலிங்கம் விரல் விட்டு எண்ணி, "மூணே மணித்தியாலம்!" என்றார். அவர் முகத்தில் ஒரு பாரம் இறங்கியது. திரும்பி வருகிற விமானங்களையும் காட்டச் சொன்னார். அங்கே அதிகாலை ரெண்டு மணிக்கு ஏறினால் இங்கே இறங்கும்போது ஒன்பதரை தாண்டிவிடும். "வர்றதுக்கு மட்டும் ஏழரையா?"

போகவும் வரவும் அஞ்சு, அஞ்சரை மணித்தியாலம்தான், அங்கே கடிகாரம் நமக்கு ரெண்டரை மணித்தியாலம் பிந்தி ஓடுகிறது என்று நான் விளக்கினேன். சூரியனைச் சொன்னேன், பூமி சுற்றுவதைச் சொன்னேன், நானாவின் மேசையிலிருந்த தோடம்பழத்தைச் சுற்றிக்கூடக் காட்டினேன். மனிதர் மரியாதையாகத் தலையாட்டினார். ஆனால் அவருக்கு ஏற்கெனவே ஒரு பதில் கிடைத்துவிட்டது. கோச்சி, அதுதான் ரயில், கொழும்புக்கு இறங்கும்போது ஒரு நேரம், நம்ம மலைக்கு ஏறும்போது இன்னொரு நேரம். "பட்டிப்பொல ஸ்டேஷன் ஆறாயிரம் அடிதானுங்க மிஸ். இந்த பிளேன் எத்தன அடியில போகுது?" என்றார். முப்பத்தையாயிரம் என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் ராஜேஸ்வரியின் பக்கம் திரும்பி, படித்தவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்: "பாத்தியா, நான் சொல்லல? வேலைக்குப் போறது எறக்கம், வீட்டுக்கு வர்றது ஏத்தம்."

தர்ஷினியின் கணக்கு

ராஜேஸ்வரி போனார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சிக்னல் சரியில்லை என்று சனிக்கிழமைகளில் அப்பாவும் மகளும் ஹட்டனுக்கு வந்து, எங்கள் கடை வைஃபையில்தான் அம்மாவோடு பேசுவார்கள். "பேசட்டும் புள்ளைங்க, வைஃபை தேஞ்சா போயிடும்?" என்பார் நானா. எனக்கு இடைஞ்சல்தான், மறைப்பானேன். ஒரு பக்கம் நான் ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருப்பேன், மறு பக்கம் அந்தப் பிள்ளை போனில் விழுந்த பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் போனை வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "மிஸ், அம்மா ரெண்டரை மணித்தியாலம் பின்னால இருக்காங்கதானே?" ஆமாம் என்றேன். "ஒவ்வொரு நாளும் ரெண்டரையா?" ஆமாம். உடனே என் கல்குலேட்டரை இழுத்துத் தட்டத் தொடங்கினாள். ரெண்டு வருஷத்துக்குப் பெருக்கி, நாளாக்கி, எழுபத்தாறு என்று வந்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது. ரெண்டு வருஷம் முடிந்தாலும் அம்மா எழுபத்தாறு நாள் பின்னால் நிற்பார், யார் போய்க் கூட்டிக்கொண்டு வருவது என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கூடாதும்மா, அந்த ரெண்டரை கூடிக்கொண்டே போகாது, எப்போதும் ரெண்டரையாகவே இருக்கும் என்று மூன்று தடவை சொன்னேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். பிறகு கல்குலேட்டரை என் பக்கம் தள்ளினாள்: "அப்ப ஒரே எடத்துலதான் நிக்குதா? அப்படின்னா புடிச்சிறலாம்."

ஒரே நாள், ரெண்டு டிக்கெட்

ரெண்டு வருஷம் முடிகிற நேரத்தில் சிவலிங்கம் தனியாக வந்தார். அவருக்கு ருமேனியாவில் ஒரு கட்டட வேலை சரிவந்துவிட்டது. ராஜேஸ்வரிக்கு ஒப்பந்தம் முடிவது வெள்ளிக்கிழமை. இவர் அங்கே திங்கட்கிழமை காலை வேலைக்கு நிற்க வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளமுடியாது. இவருடைய ஒப்பந்தமும் ரெண்டு வருஷம். அதாவது அவர் வந்து சேர முதல் இவர் போய்விட்டால், புருஷனும் பெண்சாதியும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் நாலு வருஷம். பிள்ளையையும் கையோடு கையாக மாற்ற வேண்டும்.

"ஒரு மணித்தியாலம் போதுங்க மிஸ். மூஞ்சியப் பாத்துட்டா போதும்" என்றார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மூன்று நாள் அந்தத் திரையோடு கிடந்தேன். ஒன்றுக்கு இடம் இருந்தால் மற்றதற்கு இருக்காது. கடைசியில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது முப்பத்தைந்துக்கு ராஜேஸ்வரி இறங்குவார். பின்னேரம் ரெண்டு இருபதுக்கு சிவலிங்கம் ஏறுவார். பெட்டி எடுத்துக்கொண்டு அவர் வெளியே வரப் பத்தேகால் ஆகும், இவர் ஒரு மணிக்கு உள்ளே போக வேண்டும். ரெண்டே முக்கால் மணித்தியாலம்! ஒரு விமானம் மேற்கேயிருந்து ரெண்டாயிரத்து அறுநூறு கட்டை பறந்து வருகிறது, இன்னொன்று நாலாயிரம் கட்டை தாண்டி ஆளைக் கொண்டுபோகக் காத்திருக்கிறது, நடுவில் இந்த ரெண்டு பேருக்கும் ஒரு சந்து. அதைப் பிடித்தவள் நான். எனக்கே உடம்பு சிலிர்த்தது.

சிவலிங்கம் முதல் நாளே போய் விமான நிலையத்தில் படுத்துக்கொள்கிறேன் என்றார். நானாவும் அதையே சொன்னார். கேட்டேனா நான்? பிள்ளையைத் தரையில் போட்டா தூங்க வைப்பீர்கள், ஹட்டனில் அஞ்சு மணிக்கு வேன் எடுத்தால் ஒன்பதேமுக்காலுக்குக் கட்டுநாயக்க, நான் பத்து வருஷமாக நேரம் பார்க்கிறவள் என்று அடித்துப் பேசினேன். அதோடு விட்டேனா, கடை லீவுதானே, நானும் வருகிறேன் என்றேன்.

நானா கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "கோமதி, நீ வானத்துக்குத்தான் நேரம் பாக்குறவ. ரோட்டுக்கு இல்ல."

கினிகத்தேனையில் மண்

நானா சொன்ன வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். சனிக்கிழமை முழுக்க மழை. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கினிகத்தேனைக்குக் கிட்டப் போனால், மலையிலிருந்து மண் இறங்கி ரோடே இல்லை. எங்களுக்கு முன்னால் எட்டு வாகனம். நாவலப்பிட்டிப் பக்கம் திரும்பலாமென்றால் அங்கே மரம் விழுந்து கிடக்கிறதாம். பொலிஸ்காரர் ஒருவர் மழைக்கோட்டோடு வந்து "பொட்டக் இன்ன மல்லி" என்றார். சிங்களத்தில் கொஞ்சம் பொறு தம்பி என்று அர்த்தம். அந்தக் கொஞ்சத்துக்கு எந்தக் கடிகாரமும் கிடையாது.

ஏழு மணி, எட்டு மணி. ராஜேஸ்வரி அந்த நேரம் கடலுக்கு மேலே வந்துகொண்டிருந்தார். நான் வேனுக்குள் இருந்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். சிவலிங்கம் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. எட்டரைக்கு அவர் வேனிலிருந்து இறங்கினார். இடுப்பில் புது நீலக் களுசான், காலில் புதுக் கறுப்புச் சப்பாத்து, ருமேனியாவுக்கென்று வாங்கியது. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் மம்பட்டியோடு வந்து மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் மம்பட்டியைக் கேட்டு வாங்கி அவரும் இறங்கிவிட்டார். அதைப் பார்த்து பஸ்ஸிலிருந்து பத்துப் பேர், லொறிக்காரர், பொலிஸ்காரர்கூட. தோட்டத்து ஆட்கள் மண் வெட்டுகிறதை நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் வெட்ட, மற்றவர் இழுக்க, மூன்றாமவர் தள்ள, ஒரு பேச்சு இல்லை. அத்தனை பெரிய மண் கண்முன்னால் கரைந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஒன்பதே முக்காலுக்கு ஒரு வாகனம் போகிற அளவு வழி பிறந்தது.

சரியாக அப்போது என் போன் அடித்தது. விமான நிலையத்து வைஃபையில் ராஜேஸ்வரி. மண் கையோடு இருந்த சிவலிங்கத்தின் காதில் நான்தான் போனைப் பிடித்தேன். எனக்கும் கேட்டது: "நான் கடலயே தாண்டி வந்துட்டேன். நீங்க இன்னும் கினிகத்தேனையத் தாண்டலியா?"

தலைக்கு மேலே

அதற்கப்புறம் வேன் டிரைவர் ஓட்டியதை நான் விவரிக்கப் போவதில்லை, அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. கித்துல்கலை, அவிசாவளை என்று பெயர்ப்பலகைகள் பறந்தன. ஒவ்வொரு ஊரிலும் நான் கடிகாரத்தைப் பார்த்துக் கழித்தேன். ரெண்டே முக்கால் போய் ரெண்டு, ரெண்டு போய் ஒன்று. கடைசியில் பன்னிரண்டே முக்காலுக்கு, விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு வளைவில் திரும்பினோம். அப்போதுதான் அது வந்தது.

சத்தம்தான் முதலில். பிறகு வேன் கண்ணாடிக்கு மேலே, தென்னை மரங்களை உரசிவிடுகிற மாதிரி, வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒரு விமானம் இறங்கியது. நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம், டிரைவர் உட்பட. ஐயோ, எவ்வளவு பெரிசு! லயம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பறக்கலாம். சக்கரங்களில் நனைந்த மினுக்கம்வரை தெரிந்தது. பத்து வருஷமாக நான் காகிதத்தில் அடித்து, உறையில் போட்டு, கையில் கொடுத்தது இதையா? ரெண்டாயிரம் கட்டை, மூவாயிரம் கட்டை என்று வாயால் சொன்னதெல்லாம் இந்தச் சத்தத்தோடா? நேரமாவதுகூட ஒரு நிமிஷம் மறந்துபோனது. கண்ணில் தண்ணீர் வந்தது, ஏன் என்று கேட்காதீர்கள்.

காய்ந்த மண்ணோடு முன் சீட்டில் இருந்த சிவலிங்கம் அது மறைகிறவரைக்கும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு பெரிய சாமான தனியா நம்பி ஏறிப் போனாளே அவ. என்கிட்ட ஒரு வார்த்த பயம்னு சொல்லலியே."

ஒத்தைச் சப்பாத்து

பன்னிரண்டு ஐம்பத்தைந்து. புறப்படுகிறவர்கள் வாசலில், ஒரு தள்ளுவண்டி நிறையப் பெட்டியோடு ராஜேஸ்வரி நின்றார். மெலிந்திருந்தார். ஒன்று இருபதுக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள், வாசலில் வரிசை வேறு. கையில் இருந்தது பத்து நிமிஷம், கூடினால் பன்னிரண்டு. ரெண்டு வருஷத்துக்கு இருக்கிற அத்தனை பேச்சையும் இதற்குள் எப்படித் திணிப்பார்கள் என்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன். சிவலிங்கம் அவருக்கு முன்னால் போய் நின்றார். ராஜேஸ்வரி மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார், முழங்கால் வரை மண். "என்னங்க கோலம் இது? இப்படியேவா வெளிநாடு போவீங்க?" என்றார். அதுதான் முதல் பேச்சு.

சிவலிங்கத்தைத் தள்ளுவண்டி விளிம்பில் உட்கார வைத்தார். பெட்டியைத் திறந்து, ஊருக்கென்று கொண்டுவந்த புதுத் துவாய் ஒன்றை எடுத்து, போத்தல் தண்ணீரை ஊற்றி, அவருடைய வலது காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு சப்பாத்தைத் துடைக்கத் தொடங்கினார். போகிற வருகிற உலகமே சுற்றிக்கொண்டு போனது. அவர் நிமிரவேயில்லை. தையல் ஓரத்து மண்ணை நகத்தால் சுரண்டினார், நாடாவை அவிழ்த்துக் கட்டினார். சிவலிங்கம் அவருடைய உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பிட்டியா?" என்று ஒரு தடவை கேட்டார். "பிளேன்ல தந்தாங்க" என்றார் அவர். தர்ஷினி முதலில் என் பின்னால்தான் ஒளிந்தாள். பிறகு மெல்லப் போய், போத்தலை வாங்கி, அம்மா சொல்லாமலே துவாயில் தண்ணீர் ஊற்றினாள். ஒரு பக்கம் பளபளவென்று ஆகிவிட்டது. மற்றக் காலைத் தூக்குகிற நேரம் வாசல் காவலாளி சிவலிங்கத்தின் டிக்கெட்டைக் கேட்டுவிட்டார்.

அவர் எழுந்தார். மகளின் தலையில் கை வைத்தார், பெண்சாதியின் தோளைத் தொட்டார், பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு கால் புதுசு, ஒரு கால் கினிகத்தேனை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் மறைகிறவரைக்கும் மூன்று பேரும் பார்த்தோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ராஜேஸ்வரியின் கையைப் பிடித்து, "அக்கா, என்னாலதான். முதல் நாளே வர்றேன்னு அவரு சொன்னாரு, நான்தான் விடல. ரெண்டே முக்கால் மணித்தியாலம் இருந்திருக்கும்" என்றேன்.

அவர் அந்த மண் துவாயை நாலாக மடித்தார். பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். ஒரு கையில் மகளைப் பிடித்துக்கொண்டு, என்னைத் தேற்றுகிற மாதிரிச் சிரித்தார்: "விடுங்க மிஸ். ஒரு சப்பாத்து தொடச்சாச்சு. மத்தது நீங்க திரும்பி வந்தப்புறம்னு அவருகிட்ட சொல்லித்தான் விட்டிருக்கேன்."

எந்த விமானம் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் என்பதை இப்போதும் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், ஆனால் வீட்டிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று யாராவது கேட்டால் மட்டும் 'நேற்றே' என்று சொல்லிவிடுகிறேன்.